தேதி போடாத அழைப்பிதழ்

2017 மார்ச் 12, ஞாயிறு

2014 அக்டோபரில் வெளிவந்த ஒரு கணினியை 2017 மார்ச்சிலும் அதே பாகங்களோடு, ஒரு டாலர்கூடக் குறைக்காமல் விற்பதை என்னவென்று சொல்வது? திரை இல்லாமல் பெட்டி மட்டுமாக வரும் ஆப்பிளின் மேக் மினியைத்தான் சொல்கிறேன். அடிப்படை வகை அன்றும் 499 டாலர், இன்றும் 499 டாலர். உள்ளே இருப்பது 1.4 கிகாஹெர்ட்ஸ் ஐ5 செயலி, 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுழலும் 500 ஜிபி ஹார்டு டிஸ்க். காய்கறிக் கடையில் காலையில் இருந்த கீரை மாலையில் பாதி விலைக்கு வந்துவிடும். இரண்டரை ஆண்டு கழிந்த கணினி மட்டும் பறித்த அன்றைய விலையிலேயே நிற்கிறது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு அல்சூரில் ஒரு மாடி அறையில் தமிழ், கன்னடத் திருமண அழைப்பிதழ்களும், கோயில் கும்பாபிஷேக மலர்களும், சங்கங்களின் ஆண்டு மலர்களும் பக்கம் கட்டித் தருகிறேன். என்னிடம் இருப்பது 2009 மேக் மினி. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் திறந்த அதே ஆகஸ்ட் மாதத்தில் வாங்கியது. துணி சுற்றப்பட்டு 18 ஆண்டுகள் காத்திருந்த வள்ளுவரைப் பார்த்துப் பழகிய இந்த ஊர்த் தமிழனுக்குப் பொறுமையைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் போன செப்டம்பரில் வந்த சியரா இயங்குதளம் 2010 மினியிலிருந்துதான் ஏறும் என்று சொல்லிவிட்டார்கள். என் பெட்டி அதற்கு முந்திய எல் கேப்பிட்டனோடு நின்றுவிட்டது. 200 பக்க மலர் ஒன்றை அச்சுக்கான பிடிஎஃப் ஆக மாற்ற 11 நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் கீழே இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம், வந்தும் கொண்டிருக்கிறேன்.

இப்போதே 2014 வகையை வாங்குவதா, புதியது வரும்வரை காத்திருப்பதா என்பதே என் கேள்வி.

2017 மார்ச் 14, செவ்வாய்

வந்த பதில்களில் பாதிக்கு மேல் "விண்டோஸ் வாங்குங்கள், பாதி விலையில் இரண்டு மடங்கு வேகம்" என்பதாகவே இருக்கின்றன. கணக்கு சரிதான். ஆனால் எழுத்துத் தொழிலில் இருப்பவனுக்கு வேகம் மட்டும் கணக்கில்லை. முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு மேக்கோடு சேர்ந்தே வருகிறது. தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் அமைப்புகளில் ஒரு சொடுக்கில் கிடைக்கின்றன. விண்டோஸில் பாமினியிலும் இன்னும் பெயர் தெரியாத குறியாக்கங்களிலும் தட்டச்சு செய்து வாடிக்கையாளர்கள் அனுப்பும் கோப்புகளோடு வாரம் இருமுறை மல்லுக்கட்டுகிறவன் நான். என் மேசையிலாவது ஒழுங்கு இருக்கட்டும் என்று நினைப்பது குற்றமில்லை.

பழக்கம் என்பதும் உண்மை. அதை மறைக்கவில்லை. எட்டு ஆண்டு விரல் பழக்கத்தை மாற்றுவதற்கும் ஒரு விலை உண்டு. அதை எந்தக் கடைக்காரரும் பில்லில் காட்ட மாட்டார்.

2017 மார்ச் 19, ஞாயிறு

திருத்தம். முதல் நாள் எழுதியபோது, 2014 வகை பழையதே என்றாலும் அதற்கு முந்திய 2012 வகையைவிட மேலானதாகத்தான் இருக்கும் என்ற நினைப்பில் இருந்தேன். மும்பை மாதுங்காவிலிருந்து ஒலிப்பதிவுத் தொழில் செய்யும் ஒருவர், மரியாதையாகவும் கொஞ்சம் பரிதாபத்தோடும், நான் நினைப்பது தலைகீழ் என்று எழுதியிருக்கிறார். சரிபார்த்தேன், அவர் சொல்வது உண்மை.

2012 அக்டோபரில் வந்த மினியில் 799 டாலருக்கு நான்கு கரு (கோர்) கொண்ட ஐ7 செயலி கிடைத்தது. அடித்தட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினால் ரேம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். 2014-இல் வந்ததில் எந்த விலைக்கும் இரண்டு கருதான். ரேமையும் மதர்போர்டோடு சால்டர் செய்துவிட்டார்கள். வாங்கும் நாளில் எவ்வளவு எடுத்தீர்களோ, ஆயுளுக்கும் அவ்வளவுதான். அதாவது பல கருக்களையும் பயன்படுத்தும் வேலைகளில் 2012-இன் மேல் வகை 2014-இன் மேல் வகையை வென்றுவிடுகிறது. புதுப்பிப்பு என்ற பெயரில் பின்னால் நடந்திருக்கிறார்கள்.

காரணம் ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுவதுதான் முறை. 2012-இல் இன்டெலின் இரண்டு கரு, நான்கு கரு மடிக்கணினிச் செயலிகள் இரண்டுமே ஏறத்தாழ ஒரே பலகை அமைப்பில் உட்காரும். அடுத்து வந்த ஹாஸ்வெல் தலைமுறையில் மின்சாரம் குறைவாக உண்ணும் இரண்டு கருச் செயலி, துணைச் சில்லையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு வேறு வடிவத்துக்குப் போய்விட்டது. நான்கு கரு வேண்டுமென்றால் அதற்கென்று தனிப் பலகை செய்ய வேண்டும். இவ்வளவு குறைவாக விற்கும் ஒரு பெட்டிக்கு இரண்டு பலகைகள் எதற்கு என்று யாரோ ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது என் ஊகம்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். அடிப்படை வகை 2012-இல் 599 டாலர், 2014-இல்தான் 499 ஆகக் குறைந்தது. ஆகவே விலையே குறைக்காதவர்கள் என்று சொல்ல முடியாது. ஒருமுறை குறைத்துவிட்டு உறங்கிப்போனவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

2017 ஏப்ரல் 5, புதன்

நேற்று வெளியான செய்தி புதுமை. எதையும் வெளியே சொல்லாத ஆப்பிள், ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் பத்திரிகையாளர்களை அழைத்து உட்காரவைத்து, 2013 மேக் ப்ரோ விஷயத்தில் தவறு செய்துவிட்டதை ஏறத்தாழ ஒப்புக்கொண்டிருக்கிறது. கறுப்புக் கூஜா மாதிரி உருளையாக இருக்குமே, அதுதான். நடுவில் ஒரே வெப்பக் கடத்தியை வைத்து மூன்று பக்கமும் சில்லுகளை ஒட்டிய வடிவம். பிற்பாடு உலகம் ஒரே பெரிய கிராபிக்ஸ் அட்டையை நோக்கிப் போனபோது அதன் சூட்டைத் தாங்க அந்த வடிவத்தில் இடமில்லை. வெப்ப விஷயத்தில் தாங்களே தங்களை ஒரு மூலையில் மாட்டிக்கொண்டதாக ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி சொல்லியிருக்கிறார். புதிய மேக் ப்ரோ வரும், ஆனால் இந்த ஆண்டு வராது.

அதே நாளில் இருக்கிற உருளைக்கும் ஒன்று செய்தார்கள். 3,999 டாலருக்கு விற்ற ஆறு கரு வகையை 2,999-க்கு இறக்கி, எட்டுக் கருவை 3,999-இல் வைத்திருக்கிறார்கள். பழைய பொருள், ஆனால் அதே காசுக்கு இப்போது கூடுதலாகக் கிடைக்கும். நான் கேட்பதும் இவ்வளவுதான். புதியது தர முடியாவிட்டால் பழையதைப் பழையதன் விலைக்குக் கொடுங்கள்.

மினியைப் பற்றி யாரோ கேட்டதற்கு, அது எங்கள் வரிசையில் முக்கியமான பொருள் என்று ஆப்பிளின் சந்தைப்படுத்தல் தலைவர் ஃபில் ஷில்லர் சொன்னாராம். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

2017 ஜூன் 6, செவ்வாய்

நேற்றிரவு பத்தரை மணிக்குத் தொடங்கிய ஆப்பிள் நிகழ்ச்சியைப் பாதிக் கண்ணோடு பார்த்தேன். ஐமேக் புதியது, மேக்புக் ப்ரோ புதியது, டிசம்பரில் 4,999 டாலருக்கு ஐமேக் ப்ரோ வரும். மேக்புக் ஏரின் கடிகார வேகத்தைக்கூட 1.8 கிகாஹெர்ட்ஸாக ஏற்றியிருக்கிறார்கள். பந்தியில் எல்லா இலைக்கும் பாயசம் வந்தது, மினியின் இலையைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இதற்கிடையில் என் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், பீன்யாவில், ஐபோன் எஸ்இயின் பாகங்களைச் சேர்த்துத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஊருக்குள்ளேயே வந்துவிட்டார்கள், என் மேசைக்குத்தான் வழி தெரியவில்லை.

2017 ஆகஸ்ட் 20, ஞாயிறு

காத்திருந்து அலுத்துப்போய், பழைய 2012 நான்கு கரு மினி கிடைத்தால் வாங்கிவிடுவது என்று முடிவு செய்து நேற்று கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போனேன். ஜூனில் திறந்த பச்சைப் பாதை புண்ணியத்தில் அல்சூரிலிருந்து மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். அங்கே மேக் என்று சொன்னதும் கடைக்காரர்கள் ஒரு நொடி ஆளைப் பார்க்கிறார்கள், பிறகு ஒரு விலையைச் சொல்கிறார்கள். ஐந்தாண்டு பழைய பெட்டிக்குச் சொன்ன விலை, 2014-இன் புத்தம்புது அடிப்படை வகையைவிட அதிகம். "நாலு கோர் சார், கம்பெனியே இதுக்கப்புறம் பண்ணலை, விலை எப்படி இறங்கும்?" என்று அந்தப் பையன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் ஐந்து மாதமாகப் பக்கம் பக்கமாக எழுதியதை அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

மூன்றாவது கடையில் பேரம் படிந்தது. பெட்டியின் அடியில் ஐ7 என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். திரை வைத்துக் காட்டச் சொன்னேன், ஓடியது, ஆப்பிள் படம் வந்தது, மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்துவிட்டேன். இடது மேல் மூலையில் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் உள்ளே இருக்கும் செயலியின் பெயரைக் காட்டிவிடும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிற நான், அந்த ஒரு சொடுக்கை மறந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 2.5 கிகாஹெர்ட்ஸ் ஐ5, இரண்டு கரு.

இன்று ஞாயிறு, கடை மூடல். நாளை போக வேண்டும். தவறு பாதி என்னுடையது என்பதால் குரலை எவ்வளவு உயர்த்தலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2017 செப்டம்பர் 3, ஞாயிறு

சண்டை நடக்கவில்லை. "இதுவும் 2012 தானே சார்" என்று முதலில் சாதித்த கடைக்காரர், ஒட்டியிருந்த சீட்டைக் காட்டியதும் சிரித்துவிட்டார். பத்து நாள் பொறுக்கச் சொல்லி, வேறெங்கிருந்தோ 2.3 கிகாஹெர்ட்ஸ் ஐ7 ஒன்றை வரவழைத்து, மேலே 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். இந்த முறை சொடுக்கிப் பார்த்தேன், இரண்டு தடவை.

இப்போது என் தரப்பின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஐ7 பெட்டியில் ஹார்டு டிஸ்க் இருந்தது. அதே 200 பக்க மலர் அதில் 7 நிமிடம் எடுத்தது. கடையில் சொல்லி வாங்கிவந்த, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி இரண்டில் ஒன்றை அதில் மாட்டினேன், 3 நிமிடத்துக்கு வந்தது. சந்தேகம் தட்டி, இரண்டாவதைப் பழைய 2009-இல் மாட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்தப் பெட்டியைத் திறக்க ஆணி கிடையாது. சுவருக்குப் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டை அலுமினிய விளிம்புக்கும் வெள்ளை அடித்தட்டுக்கும் இடையே செருகி, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு நெம்ப வேண்டும். உள்ளே ஒவ்வொரு கொக்கியாக விடுபடும்போது எதையோ உடைத்துவிட்டோம் என்றே தோன்றும். எதிர்வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த அண்ணனிடம் தகட்டை இரவல் வாங்கினேன். கணினிக்கு என்றதும் அவர் கொடுத்த பார்வையை மறக்க முடியாது.

பழைய பெட்டியில் 11 நிமிடம், ஐந்தே கால் நிமிடம் ஆயிற்று. எட்டு ஆண்டு பழைய கோர் 2 டுவோ. அதாவது புதிய மினி வரவில்லை என்று நான் திட்டிக்கொண்டிருந்த தாமதத்தில் பாதி, உள்ளே சுழன்றுகொண்டிருந்த தட்டின் தாமதம். சில ஆயிரம் ரூபாயில் நானே தீர்த்திருக்கக்கூடியது.

இதனால் என் முதல் கேள்வி விழுந்துவிடவில்லை. 2017-இலும் அதே 5,400 சுற்றுத் தட்டைப் போட்டுப் புதிய பெட்டியை விற்கிறார்களே என்ற எரிச்சல் இப்போது இன்னும் கூடியிருக்கிறது.

2017 அக்டோபர் 21, சனி

தீபாவளி மிட்டாய் தீருவதற்குள் செய்தி வந்தது. மினி வந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டதே, ஏதாவது வருமா என்று ஒரு வாடிக்கையாளர் ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக்குக்கு மின்னஞ்சல் அனுப்ப, அவரே பதில் எழுதியிருக்கிறார். மேக் மினியை நாங்களும் நேசிக்கிறோம், விவரங்களைப் பகிர இது நேரமில்லை, ஆனால் இனிவரும் எங்கள் வரிசையில் அது முக்கியமான அங்கமாக இருக்கும் என்பது சாரம்.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, சாம்பிள் கார்டு. மேலே பிள்ளையார், நடுவில் "தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து" என்ற வரி, கீழே "தங்கள் நல்வரவை எதிர்நோக்கும்". முகூர்த்த நாளும் மண்டபமும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு யாரும் கல்யாணத்துக்குப் போக முடியாது. மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும்.

2018 ஜனவரி 7, ஞாயிறு

மார்ச்சில் இன்டெல் மீது நான் போட்ட பழியைக் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இன்டெல் தடுமாறுவது உண்மை. சில்லின் நுண்பாகங்களைச் சுருக்கும் முறையில் 14 நானோமீட்டரே தாமதமாக வந்தது, அதைவிடச் சிறிய 10 நானோமீட்டர் இன்னும் வந்தபாடில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளவு சுருங்கும் என்ற பழைய தாளத்தை அவர்களே 2016-இல் கைவிட்டுவிட்டார்கள். இந்த வாரம் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று இரண்டு பாதுகாப்பு ஓட்டைகளும் சேர்ந்துவிட்டன. ஆகவே தாமதம் எல்லாம் இன்டெலால்தான் என்று சென்னை நண்பர் ஒருவர் வாதாடுகிறார்.

ஆனால் அதே இன்டெல், மினியைவிடச் சிறிய 'நக்' (NUC) என்ற கணினிப் பெட்டிகளைத் தலைமுறை தவறாமல் தானே விற்றுக்கொண்டிருக்கிறது. 2016-இல் வந்த ஸ்கல் கேன்யன் என்ற நக்கில் நான்கு கரு ஐ7 இருந்தது. அச்சகத்துக்காரனிடம் காகிதம் இல்லை என்று சொல்பவன், பக்கத்துக் கடையில் அதே காகிதம் அடுக்கியிருப்பதையும் பார்க்க வேண்டும். ஹாஸ்வெல்லுக்குப் பிறகு பிராட்வெல், ஸ்கைலேக், கேபி லேக் என்று மூன்று தலைமுறை போய்விட்டன. புதிய சில்லு இல்லாமல் போகவில்லை. இருந்த சில்லை எடுத்து வைக்க மனமோ ஆளோ இல்லாமல் போயிற்று.

இதை எழுதும்போது 2012 பெட்டி அமைதியாக ஒரு காதணி விழா அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது அவசரம் ஏதும் இல்லை. கோபம் மட்டும் பழக்கத்தால் மிஞ்சியிருக்கிறது.

2018 ஜூன் 5, செவ்வாய்

நேற்றிரவு நடந்த ஆப்பிள் நிகழ்ச்சியில் ஒன்றும் இல்லை. எந்த வன்பொருளுமே இல்லை. சீக்கிரம் தூங்கினேன்.

2018 அக்டோபர் 31, புதன்

வந்துவிட்டது.

நேற்று மாலை ஏழரை மணிக்கு, நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த நிகழ்ச்சியில் புதிய மினியை அறிவித்தார்கள். 2014 அக்டோபர் 16-இலிருந்து எண்ணினால் 1,475 நாள். பழைய வடிவம், கருஞ்சாம்பல் நிறம். அடிப்படையிலேயே நான்கு கரு, மேலே ஆறு கரு. சுழலும் தட்டு எந்த வகையிலும் இல்லை. ரேம் மறுபடி கழற்றக்கூடிய பலகையாக வந்திருக்கிறது, 64 ஜிபி வரை போகலாம். இந்த வரியைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். வீட்டில் கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு விலை வந்தது. 499 என்ற எண் மறைந்துவிட்டது, இனி 799 டாலரிலிருந்துதான். இந்தியாவில் 75,900 ரூபாய். அதற்கு 8 ஜிபி ரேமும் 128 ஜிபி சேமிப்பும். அந்தச் சேமிப்பு பலகையோடு சால்டர் செய்யப்பட்டது; அதாவது ஒரு கையால் ரேமைத் திருப்பிக் கொடுத்து மறு கையால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டார்கள். 8 ஜிபியை 16 ஆக்க அவர்களிடமே கேட்டால் 200 டாலர். என் எழுத்துருக்களும் கடந்த இரண்டு ஆண்டு மலர்களின் படங்களும் மட்டுமே 128 ஜிபியைத் தாண்டும்.

இத்தனை நாள் கேட்டதெல்லாம் கிடைத்தும் ஏன் முகம் சுளிக்கிறாய் என்று மாதுங்கா நண்பர் கேட்கிறார். அவர் ஆறு கருவுக்கு முன்பதிவு செய்துவிட்டார், ஒலித்தடங்கள் நூற்றுக்கணக்கில் ஓடும் அவருடைய வேலைக்கு அது சரியானது. 2005-இல் இந்தப் பெட்டி பிறந்தபோது திரை, விசைப்பலகை, சுட்டி எல்லாவற்றையும் நீயே கொண்டு வா, 499 டாலருக்கு ஒரு மேக் தருகிறேன் என்பதுதான் அதன் சங்கதி. என் போன்ற சிறு அறைக்காரர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தோம். புதிய பெட்டி நல்ல பெட்டி. கதவுதான் வேறு தெருவுக்கு மாறிவிட்டது.

2018 நவம்பர் 11, ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 ஜிபி, 256 ஜிபி என்று எடுத்தால் லட்ச ரூபாயைத் தாண்டும். சாதாரண அழைப்பிதழ் வடிவமைப்புக்கு நான் வாங்குவது 1,500 ரூபாய். எழுபது கல்யாணம். 3 நிமிடம் ஒன்றரை நிமிடம் ஆவதற்காக எழுபது கல்யாணம் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. இந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இருபது மாதமாக ஒரு பொருள் வரவில்லை என்று குறைப்பட்டவன், வந்த பிறகு வேண்டாம் என்று சொல்வதில் ஒரு அசட்டுத்தனம் இருக்கிறது.

2019 அக்டோபர் 13, ஞாயிறு

ஓராண்டாக எதுவும் எழுதவில்லை, எழுத எதுவும் இருக்கவில்லை. இந்த வாரம் கேட்டலினா இயங்குதளம் வந்தது. அதில் 32-பிட் என்ற பழைய வகை மென்பொருள் எதுவும் ஓடாது. நான் பக்கம் கட்டுவது இன்டிசைன் சிஎஸ்6-இல், 2012-இல் ஒரே தொகையாகக் காசு கொடுத்து வாங்கியது, 32-பிட். தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியதே அந்தப் பதிப்பில்தான். அதற்கு முன்பு "கொ" என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். அதற்குப் பின் வந்ததெல்லாம் மாத வாடகை.

என் 2012 மினிக்குக் கேட்டலினா ஏறும், நான்தான் ஏற்றப் போவதில்லை. அதற்கு முந்திய மொஹாவியிலேயே நிற்கிறேன். போன ஆண்டு அந்தப் புதிய பெட்டியை வாங்கியிருந்தாலும் இதே இடத்தில்தான் நின்றிருப்பேன் என்று நினைக்கும்போது, அந்த எழுபது கல்யாணக் கணக்கின் மீது கொஞ்சம் மரியாதை வருகிறது. வன்பொருள் மெதுவாக வருகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, மென்பொருள் என் காலடியிலிருந்து பாயை உருவிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

2020 டிசம்பர் 20, ஞாயிறு

கொரோனாவில் கல்யாணங்கள் ஐம்பது பேரோடு முடிந்துவிட, அழைப்பிதழ்கள் கைபேசிப் படங்களாகிவிட்டன. அச்சுக்குப் போனது இந்த ஆண்டில் பன்னிரண்டு. ஆகையால் இதை எழுத நேரம் நிறைய இருக்கிறது.

என் மனைவியின் தம்பி எம்1 மினி வாங்கியிருக்கிறான். செப்டம்பரில் இந்தியாவுக்கென்று திறந்த ஆப்பிளின் சொந்த இணையக் கடையில் 64,900 ரூபாய். இன்டெலே வேண்டாம் என்று தங்கள் சில்லையே போட்டுவிட்டார்கள். ஜூனில் அந்த மாற்றத்தை அறிவித்தபோது மென்பொருள் எழுதுவோருக்குக் கொடுத்த சோதனைப் பெட்டியும் மினியின் கூட்டுக்குள்தான் இருந்தது. பந்தியில் தாண்டிப்போன இலைக்கு முதல் பாயசம்.

நேற்று அவன் அதை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்தான். சிஎஸ்6 அதில் ஏறவே ஏறாது என்பதால், என் 200 பக்க மலரை இடைமாற்று வடிவத்தில் சேமித்து, அவனுடைய வாடகை இன்டிசைனில் திறந்தோம். இன்டெலுக்கு எழுதிய மென்பொருளைப் புதிய சில்லுக்கு மாற்றிப் படிக்கும் அடுக்கின் வழியாகத்தான் அது ஓடுகிறது, அப்படியும் பிடிஎஃப் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. விசிறி சுழல்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. பிறகு பக்கங்களைப் புரட்டினால் 200 பக்கம் 203 ஆகியிருந்தது. எங்கெங்கோ வரி முறிந்து, "கும்பாபிஷேகம்" 47-ஆம் பக்கத்தின் அடியில் பாதியும் 48-இன் தலையில் பாதியுமாக நின்றது. இருவரும் மாலை வரை உட்கார்ந்து, எந்த எழுத்துருவின் இடைவெளி மாறியது என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டோம். 61 வரை வந்திருக்கிறோம்.

எழுந்து போகும்போது, "நீங்க எப்ப மாமா வாங்கப் போறீங்க?" என்று கேட்டான்.

அது எங்கள் வரிசையில் முக்கியமான அங்கம், ஆனால் விவரங்களைப் பகிர இது நேரமில்லை என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிறு மீதிப் பக்கங்களுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.